ஒரு பரிசு கேட்ட ஆசிரியர்

விளையாட்டுக் களத்திலே பயிற்சியாளர் வசைமொழி பேசலாமா, கூடாதா? சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டியில் தோற்றுவிட்டுத் திரும்பியபோது எங்கள் வேனுக்குள் எழுந்த வழக்கு இது. எங்களை வென்ற அணியின் பயிற்சியாளர் ஆட்டம் முழுவதும் எல்லைக்கோட்டருகே நின்று தம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருந்தார். பந்தைத் தவறவிட்டவனின் தாயை முதலில் இழுத்தார். இடைவேளைக்குப் பிறகு பாட்டியும் வந்துவிட்டாள். எதிரணியினராகிய நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். ஆயினும் மூன்று கோல் வாங்கியவர்கள் நாங்கள்தாம்.

வேனில் இரு கட்சிகள் பிரிந்தன. திட்டினால்தான் உடம்பில் சூடேறும், ஆட்டக்காரனுக்கு ரோஷம் வரும், மான்செஸ்டர் யுனைடெட் அணியைப் பல்லாண்டு நடத்திய ஃபெர்குசன் உடைமாற்றும் அறையில் முகத்துக்கு முகம் நின்று கத்தியே கோப்பைகளை வாங்கிக் குவித்தார், நம்மைத் திட்ட ஆளில்லாததுதான் நம் குறை என்றது ஒரு கட்சி. அது நாகரிகமன்று என்றது மற்றொன்று. நான் முதல் கட்சியில் இருந்தேன். கட்சி சேர்ந்து உரக்கவும் பேசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடை கிடைத்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள பொட்டலில், தெருச் சிறுவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை நான் கால்பந்து சொல்லித் தருகிறேன். அன்று பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், கோல்கீப்பரே இல்லாத கோலுக்குள் பந்தை அடிக்கத் தவறினான். எல்லைக்கோட்டருகே நான் கேட்டுச் சிரித்த அதே சொல் என் வாயிலிருந்து வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பையன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் தாய் எங்கள் வீட்டுத் தறிக்கு ராட்டையில் பட்டுநூல் சுற்றித் தருபவர். பிறந்ததிலிருந்து நான் அத்தை என்று அழைக்கின்ற பெண்மணி. நான் சொன்ன சொல் அவரைச் சொன்ன சொல்.

அந்த வாரத்தில்தான் சையத் அப்துல் ரஹீம் என்ற பெயர் என் கண்ணில் பட்டது. அவரைப் பற்றி 2024-ஆம் ஆண்டில் 'மைதான்' என்றொரு இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்திருந்தார். கைப்பேசியில் அதைப் பார்த்தேன். திரைப்படம் என்றால் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும்தான் இருக்கும். ஆகவே படத்தை விட்டுவிட்டு, அவரைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். இந்தியக் கால்பந்து வரலாற்றில் இவருக்கு நிகரான பயிற்சியாளர் இவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அறிந்தோர் ஒருமுகமாகச் சொல்கின்றனர். அப்படிப்பட்டவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இருபது வயதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அக்காலத்தில் அது நிஜாமின் ஆளுகையிலிருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றார், கால்பந்தும் ஆடினார். படித்து முடித்தவர் போன இடம் விளையாட்டு மைதானமன்று; பள்ளிக்கூடம். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆசிரியப் பணி. இடையில் உடற்கல்வியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் முடித்து, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அவர் முதலில் ஆசிரியர், பிறகுதான் பயிற்சியாளர். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரும்பலகை முன் நின்றவனுக்கு ஒன்று தெரியும். கணக்குத் தெரியாத பையனைத் திட்டினால் அவனுக்குத் திட்டுத்தான் நினைவிருக்கும். கணக்கு அப்போதும் தெரியாது. (நம் பேராசிரியர்கள் இதைப் படித்துப் புன்னகை புரிவார்கள் என்று நம்புகிறேன்.)

1943-ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக ரஹீம் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1950 முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். காவல்துறை அணி என்றதும் பணமும் பகட்டும் கொண்ட அணி என்று எண்ணவேண்டா. கல்கத்தாவின் பெரும் கழகங்களைப் போல் ஊர் ஊராக ஆள்பிடிக்க வசதியில்லாத அணி அது. அந்த அணி 1950-இல் டியூராண்டு கோப்பையின் இறுதியாட்டத்தில் மோகன் பகானையே வென்றது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் தன்னிடமே வைத்துக்கொண்டது. அணிக்குப் பயிற்சியளித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைக் கல்கத்தா இரசிகர்களால் எளிதில் செரித்துக்கொள்ள முடிந்திருக்காது.

இதை அவர் எப்படிச் சாதித்தார்? இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

அக்காலத்து நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலால் ஆடியவர்கள். பந்து காலில் ஒட்டிக்கொண்டதுபோல் வைத்து, எதிரிகளை ஒவ்வொருவராக ஏமாற்றிக் கடப்பதில் வல்லவர்கள். மக்கள் கைதட்டுவதும் அதற்குத்தான். ஆனால் ஒருவன் மூவரை ஏமாற்றுவதற்குள் எதிரணி திரும்பி வந்து நிலைகொண்டுவிடும். பந்துக்காகக் காத்து நின்ற கூட்டாளியும் அடைபட்டுப் போவான். இந்தக் குறையை நாமெல்லாம் அறிவோம். பொட்டலில் நான் தொண்டை கிழியக் கத்துவதும் இதற்காகத்தான். பந்தைக் கொடு, கொடு என்று கத்துவேன். கொடுக்காவிட்டால் அதற்கு மேல் ஒரு சொல் சேரும்.

ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? பந்தை வைத்துக்கொண்டு ஏமாற்றி ஓடுவதே கூடாது என்ற விதியுடன் போட்டிகளை நடத்தினார். வந்த பந்தை உடனே இன்னொருவனுக்குத் தரவேண்டும். தராவிட்டால் விதி மீறல். ஆட்டத்தின் சட்டமே ஆசிரியராகிவிட்டது! அதே போல், வலக்காலால் மட்டுமே உதைக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அதற்கென்று பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடவேண்டிய போட்டிகளை வைத்தார். முதல் நாளில் எல்லாரும் தடுமாறியிருப்பார்கள் என்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. எல்லாரும் ஒருசேரத் தடுமாறும்போது தனியொருவனுக்கு அவமானம் என்ன இருக்கிறது? ஒவ்வொரு குறைக்கும் ஒரு திட்டுச் சொல் என்று நாம் வைத்திருக்கிறோம். அவர் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பயிற்சி வைத்திருந்தார்.

நான் இயற்பியல் மாணவன். திட்டு என்பது ஒலி ஆற்றல். எத்தனை உரக்கத் திட்டினாலும் அதில் ஒரு துளியும் பந்தின் இயக்க ஆற்றலாக மாறுவதில்லை. வேனில் இதைச் சொல்லியிருந்தால் என்னை இறக்கி விட்டிருப்பார்கள்!

ரஹீம் இளகிய மனிதர், எல்லாருக்கும் விட்டுக்கொடுத்துப் போனவர் என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. கண்டிப்புக்குப் பெயர்போனவர் அவர். அணியில் யார் ஆடுவது, எங்கே ஆடுவது என்பதில் அவர் முடிவே முடிவு. பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர்களும் அவர் முன் அடங்கி நின்றார்கள். அவருடைய மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் இருந்தார். பயிற்சியாளர் தந்தை, ஆயினும் மகன் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. அந்த மகன் பிற்காலத்தில் விமானப்படை அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் விளங்கி 2021-இல் காலமானார். தன் பிள்ளையையே ஓரத்தில் உட்காரவைத்தவரிடம் வேறு எவன் சென்று முறையிட முடியும்? கண்டிப்பு வேறு, வசை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதுதான் வேனில் நான் செய்த பிழை.

இனி இந்திய அணியின் கதைக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீமின் பயிற்சியில், சைலன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியா, இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றது. நாடு விடுதலை பெற்று நான்காண்டுகூட நிறையாத நேரம். மகிழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்?

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. பின்லாந்தின் குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். பத்துக் கோல்! நம் ஊரில் ஒரு பயிற்சியாளருக்கு அப்படியொரு தோல்வி நேர்ந்திருந்தால், அன்று மாலை அவர் வாயிலிருந்து என்னென்ன வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தோல்விக்குப் பிறகு காலணி அணிந்து ஆடுவது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. ரஹீம் உலகக் கால்பந்தைக் கூர்ந்து கற்கத் தொடங்கினார். 1953-ஆம் ஆண்டு நவம்பரில் ஹங்கேரி அணி இலண்டன் வெம்பிளி மைதானத்துக்கே சென்று இங்கிலாந்தை 6-க்கு 3 என்று வீழ்த்தியது. முன்னணியின் நடு ஆட்டக்காரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, எதிரணிப் பின்காப்பாளர்களைக் குழப்பிய உத்தி அது. ஐரோப்பாவே வியந்து நின்ற அந்த முறையை ஐதராபாத் ஆசிரியர் உடனே பிடித்துக்கொண்டார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்ற அணிவகுப்பு 1958-இல் பிரேசில் உலகக்கோப்பையை வென்றபோதுதான் உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு முன்னரே ரஹீம் அதை இந்திய அணியில் கையாண்டார் என்று கால்பந்து வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர்.

நான்கே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-க்கு 2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார்; ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு 4-க்கு 1 என்று தோற்றாலும் பத்துக் கோல் நாணம் துடைக்கப்பட்டுவிட்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காமிடம் பெற்றோம். ஆசியாவிலிருந்து ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை முதலில் எட்டிய நாடு இந்தியாதான்.

அந்த அணியில் துளசிதாஸ் பலராம் என்ற இருபது வயது இளைஞர் ஒருவர் இருந்தார். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறிய குடும்பம். அவர் திறமையைக் கண்டு ரஹீம் பயிற்சிக்கு வரச்சொன்னபோது, அவ்வளவு தொலைவு நாள்தோறும் வந்துபோக வழியில்லை என்று பலராம் தயங்கினார். சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்தச் சைக்கிள் ஐதராபாத்திலிருந்து மெல்போர்ன்வரை ஓடியது என்றுகூடச் சொல்லலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவுக்காகக் கோலடித்தவர் இந்தப் பலராம். பிரான்சுக்கு எதிராக பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடிக்க, ஆட்டம் சமனில் முடிந்தது. ஹங்கேரியிடம் தோற்றது 2-க்கு 1 என்ற கணக்கில்தான். பலராம் 2023-ஆம் ஆண்டு காலமானார்.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. பொட்டலிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு போன பையன் என்னிடம் கோலடிக்கத் தவறினான். பள்ளிக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அவன் என்ன செய்கிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் காலையில் கோர்வைத் தறியில் கரைப்பக்க நாடா கோக்க உட்காருகிறவன். புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்து, இரண்டும் இழைக்கு இழை பின்னிக்கொள்ளும் நெசவுதான் கோர்வை. ஒருவர் கை போதாது, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சிறுவயதில் என் தந்தைக்கு அந்தத் துணையாள் நான். தூக்கக் கலக்கத்தில் நாடாவைத் தவறாகக் கோத்துவிடுவேன். தந்தை தறியை நிறுத்துவார். தவறிய இழைவரை பிரிப்பார். மறுபடி என் கையில் நாடாவைத் தருவார். தெருவில் சண்டை வந்தால் அவர் வாயும் சும்மா இராது. தறிக்குழியில் கால் வைத்துவிட்டால் மட்டும் பேச்சே இருக்காது. ஒருகால் பட்டின் விலை காரணமாக இருக்கலாம்!

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் அவர் அணியோடு சென்றார். சுனி கோஸ்வாமி தலைவர். அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர் சுனி. லயால்பூரில் பிறந்து, பிரிவினையில் அகதியாய் வந்தவர் ஜர்னெயில் சிங். கேரளத்துச் சந்திரசேகர், கோவாவின் பிராங்கோ, ஐதராபாத்தின் யூசுப் கான், பலராம். பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிர்கின்ற பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ். தங்கராஜ் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து இராணுவ அணியில் வளர்ந்த கோல்கீப்பர். இத்தனை தாய்மொழிகள் கொண்ட கூட்டத்தில் ஒருவர் எந்த மொழியில் திட்டினாலும் அது இன்னொருவன் தாயின்மேல்தான் விழும்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-க்கு 1 என்று வென்றபோது, தடுப்பரணாக நின்ற ஜர்னெயில் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-க்கு 0 என்று அவரில்லாமல் வென்றார்கள். அரையிறுதி தென் வியட்நாமுடன். தலையில் கட்டோடு இருக்கிற பின்காப்பாளரை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பலாம், உட்கார வைக்கலாம். ரஹீம் அவரை முன்னணியில் நடு ஆட்டக்காரராக இறக்கினார்! இளமையில் ஜர்னெயில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். ஒரு மாணவனின் பழைய நோட்டுப் புத்தகத்தையும் மறவாத ஆசிரியர்! ஜர்னெயில் கோலடித்தார், இந்தியா 3-க்கு 2 என்று வென்றது.

இறுதியாட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள். எதிரே மீண்டும் தென்கொரியா. அதைவிடப் பெரிய எதிரி ஊரே. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்திருந்தது. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று அழைக்கலாகாது என்ற கருத்தை இந்தியரான ஜி.டி. சோந்தி வெளியிட்டார். ஊர் கொதித்தது. முந்தைய நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செனயான் மைதானத்தில் கூடிய ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் நமக்காகக் கைதட்டினார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வசை எப்படியிருக்கும் என்பதை அந்தப் பதினொருவருக்கும் அன்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு இலட்சம் வாய்கள் சொல்லித் தந்தன.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு ரஹீம் தம் பிள்ளைகளிடம் பேசினார். அவர்களுக்குத் தூக்கம் வராத இரவு அது. அவர் பேசியது நெடும் சொற்பொழிவல்ல. நாளைக்கு உங்களிடமிருந்து எனக்கு ஒரு பரிசு வேண்டும், நீங்கள் தங்கம் வென்றால் அதுவே அந்தப் பரிசு என்னும் பொருள்பட உருதுவில் சொன்னார். அவ்வளவுதான். ஒரு குரு தம் சீடர்களிடம் கைநீட்டிக் கேட்டார். பி.கே. பானர்ஜி முதுமைவரை இதைச் சொல்லிச் சொல்லிக் கண்கலங்கியதுண்டு.

இந்த இடத்தில் வேனிலிருந்த என் கட்சியினர் ஒன்று கேட்பார்கள். வாழ்நாளின் இறுதியில், நோயோடு நிற்கின்ற ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் மனம் இளகாது? எல்லாப் பயிற்சியாளரும் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் இப்படி உருக முடியுமா? நியாயமான கேள்வி. என் விடை இதுதான். அந்த ஒரு வேண்டுகோளுக்கு அத்தனை எடை எங்கிருந்து வந்தது? பதினைந்து இருபது ஆண்டுகளாக அவர் சொல்லைக் காசுபோல் எண்ணிச் செலவழித்தவர் என்பதனால் வந்தது. தினமும் நூறு வசை கேட்ட காதுக்கு, நூற்றொன்றாவதாக வரும் அன்பு மொழியும் இரைச்சலாகவே கேட்கும். நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்குப் பிறகு, பொட்டலில் நான் பையன்களை நன்றாக ஆடினாய் என்று பாராட்டினாலும் அவர்கள் என் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கிப் பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோலடித்தார். இருபதாம் நிமிடத்தில், தலையில் காயத்தோடு ஆடிய ஜர்னெயில் சிங் இரண்டாவது கோலை அடித்தார். கோல்காப்பில் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் கொரியர் ஒரு கோல் திருப்பினர். அத்துடன் சரி. 2-க்கு 1. கேட்ட பரிசு கிடைத்தது. அதற்குப் பின் 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் வந்தது. அந்தத் தங்கம் மட்டும் நம் பக்கம் திரும்பி வரவேயில்லை.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், ரஹீம் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அவர் காலத்தில் அந்த விருதே இருக்கவில்லை. இரண்டு ஆசியத் தங்கங்களும் ஓர் ஒலிம்பிக் அரையிறுதியும் தந்த மனிதர்!

அவர் விட்டுச்சென்ற சொத்து ஒன்று பி.கே. பானர்ஜியிடம் சேர்ந்தது. ஆடி ஓய்ந்தபின் பி.கே. பயிற்சியாளராகி, 1972 முதல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியையும் பிறகு மோகன் பகானையும் நடத்தினார். ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் அவர் பேசுகின்ற பேச்சுக்கு வங்கத்துப் பத்திரிகைகள் வைத்த பெயர் வோக்கல் டானிக். குரல்வழி மருந்து என்று நாம் சொல்லலாம். தோற்று வாடி நிற்கும் பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு எழுந்து ஓடினார்களாம். மருந்து காய்ச்சும் வித்தையை அவர் யாரிடம் கற்றார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பி.கே. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் காலமானார்.

இவ்வளவும் படித்தபின் ஒரு மாலையில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அத்தை ராட்டையின் முன் உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்கு விஷயம் எட்டியிருந்ததா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை; காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். பையன் உள்ளிருந்து வரவில்லை. நான் செய்தது தவறு என்று, அவன் இருந்த அறையின் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த ஞாயிறும் அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தான்.

அன்று ரஹீமின் விதிப்படி இடக்கால் ஆட்டம் வைத்தேன். எல்லாருக்கும் இடக்கால் மட்டும், எனக்கும் சேர்த்து. பந்து போகவேண்டிய திசைக்கு ஒருமுறையும் போகவில்லை. நான் இருமுறை விழுந்தேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அவன் இடக்காலால் ஓங்கி அடித்த பந்து, கோலுக்கு வெகு தொலைவில் பறந்து வேலிக்காத்தான் புதருக்குள் விழுந்தது. முள்ளுக்குள் கையை விட்டு அதை எடுத்துவர நானே போனேன்.